ஆன்லைனில் போடுவதும் தேடுபவருக்குக் கிடைப்பதும்: சமூகப்பணித் துறைகளுக்கு ஓர் எளிய விளக்கம்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "இந்த வருடம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர்க்கை எப்படி?" என்று ஒருவர் கேட்பார். "ஆன்லைனில் எல்லாம் போட்டாகிவிட்டது, பார்க்கலாம்" என்பார் இன்னொருவர். போட்டது என்ன என்று விசாரித்தால் முகநூலில் ஒரு வண்ணப் படம், நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் அதே படம், கல்லூரி இணையதளத்தின் மேல்பகுதியில் ஓடும் ஒரு வரி. ஜூலையில் இருக்கைகள் காலியாகக் கிடந்தால், "ஆன்லைன் எல்லாம் நம் ஊருக்குச் சரிப்படாது" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

வேலூர் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கிறேன். எங்கள் துறையின் இணையப் பக்கம் சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. போடுவதற்கும் தேடுபவர் கையில் கிடைப்பதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டேன். விளம்பர நிறுவனத்தை வைத்துக்கொள்ள வசதியுள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. இரண்டு மூன்று ஆசிரியர்கள், சில பத்து இருக்கைகள், விளம்பரத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்காத துறை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

குழப்பம் படிப்பின் பெயரிலேயே தொடங்குகிறது

போன வருடம் ஜூனில் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை மகளை அழைத்துக்கொண்டு துறைக்கு வந்தார். மகள் பி.காம். முடித்திருந்தாள். அவர் செல்பேசியில் எங்கள் அறிவிப்பு திறந்தபடியே இருந்தது. சேவை மனப்பான்மை, சமுதாய மேம்பாடு, நாளைய தலைமுறை என்றெல்லாம் அதில் எழுதியிருந்தோம். அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "சேவை செய்வது நல்ல காரியம்தான் சார். அதற்கு எதற்கு இரண்டு வருடம் படிக்க வேண்டும்? படித்து முடித்தால் சம்பளம் யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை. அவரை அப்படிக் கேட்க வைத்தது நாங்கள் எழுதியிருந்த வாசகம்.

குடியால் நொடிந்துபோன ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தால் அது சேவை. அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, கடன் யாரிடம் இருக்கிறது, பிள்ளை பள்ளியை விட்டது எப்போது, மறுவாழ்வு மையத்துக்குப் போகக் குடிப்பவர் ஏன் மறுக்கிறார் என்று முறைப்படி அறிந்து, அவர்களோடு சேர்ந்தே ஒரு வழி அமைத்து, ஆறு மாதம் கழித்தும் போய்ப் பார்ப்பது சமூகப்பணி. அது கற்றுப் பயிற்சி எடுக்க வேண்டிய தொழில். இந்தியாவில் இதற்கான முதல் கல்விக்கூடம், இன்று டாடா சமூக அறிவியல் கழகமாக வளர்ந்து நிற்பது, 1936-இல் மும்பையில் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் வந்தது.

வேலை எங்கே என்ற கேள்விக்கு எங்கள் வட்டாரமே பதில் சொல்லும். மருத்துவமனைகளில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நிற்கும் மருத்துவச் சமூகப்பணியாளர், மனநலப் பிரிவில் குடும்பத்தாரோடு பேசுபவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு வரும் அழைப்பை எடுப்பவர் என்று பலர் இருக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைய. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2013-இன் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தைக் களத்தில் செலவிடத் தெரிந்த ஆட்கள் வேண்டும். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் (வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின்) ஊரக நலத் துறையும் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையும் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. எங்கள் மாணவர்கள் அந்த வாசல்களைக் கடந்துதான் பஸ்ஸில் வருகிறார்கள். உள்ளே நடக்கும் வேலையின் பெயர் சமூகப்பணி என்பது மட்டும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

சுருக்கமாக: இந்தப் படிப்பைப் பற்றி இணையத்தில் முதலில் எழுத வேண்டியது, இது என்ன படிப்பு, இதனால் என்ன வேலை என்பதுதான். மற்ற உத்திகள் எல்லாம் அதற்குப் பிறகு.

பேருந்து நிலையத்தில் இரண்டு வகைப் பயணிகள்

வேலூர் பேருந்து நிலையத்துக்குள் ஒருவர் அவசரமாக நுழைகிறார். "ஆரணி பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்கிறார். விரல் நீட்டிக் காட்டினால் போதும், போய் ஏறிவிடுவார். அங்கேயே இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒருவர் வந்து, "ஆரணியில் பட்டுச் சேலை மலிவு, வருகிறீர்களா?" என்கிறார். அவர் ஒருவேளை திரும்பிப் பார்க்கலாம். இன்றைக்கே பஸ் ஏறமாட்டார்.

இணையத்திலும் இந்த இரண்டு வகைதான். கூகுளில் எதையோ தட்டித் தேடுகிறவர் முதல் வகை. அவர் கேள்வியோடு வந்திருக்கிறார். முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் இரண்டாம் வகை. அவர் கண்முன் தானாக வந்துகொண்டே இருக்கும் பதிவுகளின் வரிசையை ‘ஊட்டம்’ என்பார்கள். ஊட்டத்தில் உங்கள் படம் தெரிந்தாலும் அவர் அந்த நேரத்தில் கல்லூரி தேடிக்கொண்டிருக்கவில்லை.

இரண்டுமே பயன்படும், ஆனால் வேறு வேறு வேலைக்கு. சமூகப்பணி என்று ஒரு படிப்பு இருப்பதே தெரியாதவருக்கு அதை அறிமுகம் செய்ய ஊட்டம் உதவும். அதை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். சேருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர் தேடல் வழியாகத்தான் வருகிறார். அவர் மே, ஜூனில் தேடுவார். எங்கள் துறைகள் பெரும்பாலும் மே மாதத்தில் ஊட்டத்தில் சத்தம் போட்டுவிட்டுத் தேடலை அப்படியே விட்டுவிடுகின்றன. விரல் நீட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் ஆள் இல்லை.

தேடுபொறிக்குள் என்ன நடக்கிறது

கூகுள் போன்ற தேடுபொறி நீங்கள் கேட்ட நொடியில் உலகத்தின் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பதில்லை. வேலையில் முக்கால்வாசியை அது முன்கூட்டியே முடித்துவைத்திருக்கிறது.

முதல் கட்டம் ஊர் சுற்றுவது. புதிதாக ஒரு பகுதிக்கு வந்த தபால்காரர் தெருத் தெருவாக நடந்து வீடுகளை அறிந்துகொள்வதுபோல, தேடுபொறியின் நிரல் ஒன்று பக்கம் பக்கமாகப் போகும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புதான் அதற்குத் தெரு. கல்லூரி இணையதளத்தின் முகப்பிலிருந்து எந்த இணைப்பும் இல்லாத துறைப் பக்கம் பாதையே இல்லாத வீடு. இரண்டாவது கட்டம் எழுதிவைப்பது. கனமான புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகரவரிசையில் தந்திருப்பார்களே, அதைப் போல எந்தச் சொல் எந்த இணையப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு மாபெரும் பட்டியல். இதைப் ‘பொருளடைவு’ என்போம். மூன்றாவது கட்டம் வரிசைப்படுத்துவது. நீங்கள் கேட்டதற்குப் பொருந்தும் ஆயிரம் பக்கங்களில் எதை மேலே காட்டுவது என்ற முடிவு அது. கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் முன்வைத்த எண்ணம் எளியது: ஒரு பக்கத்தை மற்ற நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டினால், அது ஒரு பரிந்துரை. இன்று வேறு பல காரணிகளும் சேர்ந்துவிட்டன, இருந்தாலும் பரிந்துரைக்கு மதிப்புக் குறையவில்லை. உங்கள் மாணவர்கள் களப்பணிக்குப் போகும் தொண்டு நிறுவனம் தன் இணையதளத்தில் உங்கள் துறைப் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால், அதற்குக் காசும் செலவில்லை.

இந்த மூன்று கட்டத்துக்கும் பக்கத்தைப் பொருத்தமாக அமைப்பதைத்தான் எஸ்.இ.ஓ. என்கிறார்கள். ஏதோ மந்திரம்போல விற்கிறார்கள். பெரும்பகுதி நல்ல எழுத்தும் ஒழுங்கும்தான்.

எங்கள் துறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தமிழில் அழகான அறிமுகம் இருந்தது. பாடத்திட்டம், கட்டணம், களப்பணி எல்லாம் இருந்தன. ஆனால் தமிழில் எந்தச் சொல்லைத் தட்டித் தேடினாலும் அந்தப் பக்கம் வரவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆனது. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கையேட்டை அப்படியே வலையேற்றியிருந்தார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினிக்குள் பதிவாகி இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. தேடுபொறி போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கிறது. எங்கள் ‘சமூகப்பணி’ அதற்குப் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்று வகுத்திருக்கும் யூனிகோடு முறையில் எழுதினால்தான் தமிழ் தமிழாகவே பதிவாகும்.

உங்கள் பக்கத்தை இன்றே சோதித்துப் பாருங்கள். ஒரு தமிழ் வரியை விரலால் அழுத்தி நகலெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்புங்கள். தமிழாகவே போனால் நல்லது. கிறுக்கல்போலப் போனால் பழைய எழுத்துரு. நகலெடுக்கவே முடியாவிட்டால் அது படம், அல்லது வருடிவைத்த பி.டி.எஃப். படத்திலுள்ள எழுத்தை இன்றைய நிரல்கள் ஓரளவு படிக்கின்றன என்றாலும் அதை நம்பி ஒரு துறையின் சேர்க்கையை வைக்க முடியாது.

சுருக்கமாக: போக வழி இருக்க வேண்டும், படிக்க எழுத்து இருக்க வேண்டும், மற்றவர் பரிந்துரை இருக்க வேண்டும். இவற்றை மே மாதத்தில் தொடங்கினால் தாமதம். தேடுபொறி ஒரு மாற்றத்தைக் கவனித்துப் பதிந்துகொள்ள நாட்கணக்கிலும் சிலவேளை வாரக்கணக்கிலும் ஆகும். பிப்ரவரியில் பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

சி.எம்.சி. பக்கத்துச் சந்துகளில் வங்காளப் பலகைகள்

வேலூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் விடுதி, சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடைகளின் பெயர்ப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கும். கடைக்காரர் தமிழர். ஆனால் அறை தேடி வருகிறவர் கொல்கத்தாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வருகிறவர். மீன் குழம்பு எந்த மொழியில் எழுதியிருந்தால் அவர் கண்ணில் படுமோ அந்த மொழியில் எழுதியிருக்கிறார். இந்த ஒரு பாடத்தைக் கல்லூரிகள் அந்தக் கடைக்காரரிடம் கற்கலாம்.

தேடுகிறவர் தட்டும் சொல்லைத் ‘தேடுசொல்’ என்போம். நாங்கள் எங்கள் பக்கத்தில் ‘முதுகலைச் சமூகப்பணிப் பட்டப்படிப்பு’ என்று எழுதுகிறோம். மாணவர் அப்படித் தட்டுவதில்லை. எம்.எஸ்.டபிள்யூ., வேலூர், ஃபீஸ் என்று மூன்றே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். அவருடைய தாயோ தந்தையோ செல்பேசியின் ஒலிவாங்கியை அழுத்தித் தமிழில் பேசிக் கேட்கிறார்கள்: "எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" ஆகவே பக்கத்தில் இந்த மூன்றும் இயல்பாக இருக்க வேண்டும்: மக்கள் சொல்லும் குறுக்கப் பெயர், ஊரின் பெயர், அவர்கள் கேட்கும் கேள்வி. அதே சொல்லை ஐம்பது முறை திணிப்பது பழைய தந்திரம். தேடுபொறிகள் அதைக் கண்டால் பக்கத்தைக் கீழே தள்ளிவிடும்.

தேடுசொற்களைக் கண்டறியப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கூகுள் பெட்டியில் பாதி தட்டினால் மீதியை அதுவே நிரப்பிக் காட்டும். அவை மற்றவர்கள் கேட்ட கேள்விகள். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் உங்கள் இணையதளத்தைப் பதிவு செய்தால், என்னென்ன சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது என்று காட்டும். எல்லாவற்றையும்விட நம்பகமானது துறை அலுவலகத்தில் இருக்கும் விசாரணை நோட்டு. எங்கள் நோட்டைப் புரட்டி நாங்கள் எழுதியெடுத்தவை இவை: பி.காம். படித்தவர் சேரலாமா, நுழைவுத் தேர்வு உண்டா, விடுதி உண்டா, வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, பஸ் செலவு யாருடையது, ஆதிதிராவிடர் மாணவர் உதவித்தொகை கிடைக்குமா. பெரும்பாலான கல்லூரிகளில் எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். இதை நேரடியாக ஒரு வரியில் சொல்லும் துறைப் பக்கங்களை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) நடத்தும் கல்லூரியானால், அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தைப் பற்றியும் மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்தைப் பற்றியும் எழுதினால், அந்தக் கேள்வியோடு தேடும் பெற்றோர் வந்து சேர்வார்கள்.

கட்டணத்தை மறைக்காதீர்கள். "தொடர்புகொள்ளவும்" என்று எழுதினால், அதிகமாக இருக்கும் போலிருக்கிறது என்றுதான் ஏழைக் குடும்பம் நினைக்கும். தொடர்புகொள்ளாது.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரம் ஒரு வினோதமான ஏலம்

தேடல் முடிவுகளின் மேலே விளம்பரம் என்பதற்கான குறிப்போடு சில வரிகள் வரும். அந்த இடம் ஏலத்தில் போகிறது, ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனியாக. வெல்ல மண்டியில் அதிகம் கேட்டவருக்குச் சரக்குப் போய்விடும். இங்கே அப்படியில்லை. நீங்கள் தர ஒப்புக்கொள்ளும் தொகையோடு, உங்கள் விளம்பரமும் பக்கமும் தேடியவருக்கு எவ்வளவு பொருத்தம் என்ற தர மதிப்பும் சேர்த்துப் பார்க்கப்படும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. ஒரு பெரிய கல்லூரி ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் கேட்கிறது, அதன் தர மதிப்பு 3. பெருக்கினால் 60. உங்கள் துறை 12 ரூபாய்தான் கேட்கிறது, ஆனால் பக்கம் கச்சிதமாகப் பொருந்துவதால் மதிப்பு 7. பெருக்கினால் 84. மேலிடம் உங்களுக்கு. நீங்கள் 12 ரூபாய் முழுதாகக் கொடுக்க வேண்டியதும் இல்லை. அடுத்தவரின் 60-ஐத் தாண்டத் தேவையானது 9 ரூபாய்க்குள் அடங்கிவிடும். உண்மையான நிரல் இதைவிட நுணுக்கமானது, அடிப்படை இதுதான். நல்ல பக்கம் வைத்திருப்பவருக்கு விளம்பரமும் மலிவு.

வேலூருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கூகுள் விளம்பரத்தில் ‘வேலூர்’ என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தால், எந்த மாற்றமும் செய்யாதபோது அது வேலூரில் இருப்பவர்களுக்கு மட்டுமன்றி வேலூரில் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். சிகிச்சைக்காக நாடு முழுவதிலிருந்தும் வேலூரைப் பற்றித் தேடுகிறார்கள். உங்கள் விளம்பரப் பணம் அங்கே கசியலாம். அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். மாவட்ட எல்லையையும் பார்க்காதீர்கள். வடாற்காடு 1989-இல் இரண்டானது, வேலூர் 2019-இல் மூன்றானது. மாணவர் பார்ப்பது பஸ் வழியை. திருப்பத்தூர், ஆரணி, சோளிங்கர், அந்தப் பக்கம் சித்தூர் என்று பஸ் எங்கிருந்து வருகிறதோ அங்கேயெல்லாம் காட்டுங்கள்.

திருப்பத்தூர் பஸ்ஸில் கடைசிவரை வருகிறவர்கள்

வேலூரில் புறப்படும் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் திருப்பத்தூர் போவதில்லை. பள்ளிகொண்டாவில் சிலர் இறங்குவார்கள், ஆம்பூரில் பாதிப் பஸ் காலியாகும், வாணியம்பாடியில் இன்னும் சிலர். இணைய அறிமுகமும் அப்படித்தான். பார்த்தவர், கிளிக் செய்தவர், விசாரித்தவர், விண்ணப்பித்தவர், சேர்ந்தவர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் குறையும். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்கு வருகிறவர்களின் பங்கை ‘மாற்று விகிதம்’ என்பார்கள்.

மறுபடியும் ஒரு கற்பனைக் கணக்கு: 5,000 பேர் பார்த்தார்கள், 150 பேர் கிளிக் செய்தார்கள், 30 பேர் விசாரித்தார்கள், 8 பேர் விண்ணப்பித்தார்கள், 4 பேர் சேர்ந்தார்கள். ஒரு கிளிக்குக்கு 9 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 1,350 ரூபாய், ஒரு மாணவருக்கு 340 ரூபாய்க்குள். இந்த எண்களில் விருப்பக் குறி (லைக்) எத்தனை என்பது எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்து, எந்த நிறுத்தத்தில் கூட்டமாக இறங்குகிறார்கள் என்று பாருங்கள். 150 பேர் கிளிக் செய்து 3 பேர்தான் விசாரித்தார்கள் என்றால் குறை விளம்பரத்தில் இல்லை, கிளிக் செய்தவர் வந்து இறங்கும் பக்கத்தில் இருக்கிறது. செல்பேசியில் திறக்க நேரமாகிறதா, கட்டணம் தெரியவில்லையா, எண் பழையதா என்று அங்கே தேட வேண்டும்.

யார் எங்கிருந்து வந்தார் என்று அறிய, சலவைக்காரர் துணியின் ஓரத்தில் இடும் குறியைப் போல இணைப்பின் வாலில் ஒரு குறி சேர்க்கலாம். முகநூலுக்கு ஒரு குறி, வாட்ஸ்அப்புக்கு ஒரு குறி. அது கடினமாகத் தோன்றினால், விண்ணப்பத்தில் "எங்களைப் பற்றி எங்கே அறிந்தீர்கள்?" என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் துறையில் அந்த ஒரு வரிதான் கண்ணைத் திறந்தது. பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பு வழியே வந்தவர்கள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்.

முகம் காட்டாமல் களத்தைக் காட்டுவது

நான் அதிகம் கவலைப்படும் இடம் இது. பொறியியல் கல்லூரி தன் ஆய்வகத்தைப் படம் பிடித்துப் போடலாம். எங்கள் ஆய்வகத்தில் இருப்பவர்கள் மனிதர்கள், அதுவும் துயரத்தில் இருப்பவர்கள். ஒருமுறை ஒரு மாணவர், குழந்தைகள் இல்லம் ஒன்றில் தன் களப்பணிப் படத்தைப் பதிவிட்டுவிட்டார். பின்னால் நான்கு சிறுவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். நிறையப் பேர் விரும்பியும் இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நீக்கச் சொன்னோம். அந்த ஒரு மணி நேரத்தில் யார் சேமித்துக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையும் படத்தையும் அடையாளம் காட்டும் வேறு எதையும் வெளியிடுவது, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம். எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் நம் தொழிலறம் இருக்கிறது. "கேட்டோம், சரி என்றார்கள்" என்பது போதாது. உங்கள் கையால் உதவி எதிர்பார்த்து நிற்கிறவர் உங்களிடம் முடியாது என்று சொல்வது கடினம். எதற்காகப் படம், யார் யார் பார்ப்பார்கள், மறுத்தாலும் உதவி நிற்காது, பிறகு மனம் மாறினால் நீக்கிவிடுவோம் என்று அவருக்குப் புரியும்படி சொல்லிப் பெறுவதுதான் சம்மதம்.

அப்படியானால் என்னதான் காட்டுவது? மாணவரைக் காட்டலாம், வேலையைக் காட்டலாம். எங்கள் பக்கத்தில் இன்று அதிகம் படிக்கப்படுவது ஒரு மாணவி எழுதிய ஒரு நாள் குறிப்பு. காலை ஏழேகாலுக்கு டவுன் பஸ், கைப்பையில் நோட்டும் தண்ணீர் பாட்டிலும், பதினொரு வீடுகள், அவற்றில் மூன்றாவது முறையாகப் போயும் திறக்காத ஒரு கதவு. நான்காவது வாரம் அந்தக் கதவு திறந்து, உள்ளிருந்து ஒரு முறம் நிறையப் பீடி இலையோடு ஒரு கை நகர்ந்து இடம் விட்டதாம். ஊர்ப் பெயர் இல்லை, தெருப் பெயர் இல்லை, அந்தக் கைக்குரியவரின் பெயரும் இல்லை. சமூகப்பணி என்றால் என்ன என்று எங்கள் ஒரு பக்க அறிமுகத்தைவிட அது தெளிவாகச் சொல்கிறது.

பதினெட்டுக்குக் கீழே, வாக்குறுதிக்கு மேலே

பிளஸ் டூ மாணவர்களை நோக்கி பி.எஸ்.டபிள்யூ. விளம்பரம் செய்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அவர்களில் பலருக்கு வயது 17. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவருடைய தகவலைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவரைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. பள்ளிகளிலிருந்து செல்பேசி எண்களை மொத்தமாக வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுவது எல்லாருக்கும் நல்லது.

‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று எழுதுவதையும் விடுங்கள். சான்று இல்லாத வேலை உறுதியைக் கல்வி விளம்பரங்களில் தரக் கூடாது என்பது இந்திய விளம்பரத் தரக் குழுவின் நெறி. தவறான விளம்பரத்துக்கு 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் தண்டனை உண்டு. போன மூன்று ஆண்டுகளில் படித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று, அவர்கள் சம்மதத்தோடு, நேர்மையாக ஒரு பட்டியல் போடுங்கள். வேலை கிடைக்காதவர் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும். பெற்றோர் அதை நம்புகிறார்கள்.

பதில் சொல்ல ஓர் ஆள்

எங்கள் ஊரில் ஆன்லைன் பயணம் முடிவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலியில் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதில்களைத் தயாராக வைத்துக்கொள்ளலாம், விசாரித்தவர், விண்ணப்பித்தவர் என்று அடையாளச் சீட்டு ஒட்டிப் பிரிக்கலாம். துறைக்கென்று தனி எண் இருக்க வேண்டும். ஓர் ஆசிரியரின் சொந்த எண்ணைக் கொடுத்தால் அவர் மாறிப் போகும்போது எண்ணும் போய்விடும். கூகுள் வரைபடத்தில் இருக்கும் எண்ணையும் சரிபாருங்கள். பல கல்லூரிகளுக்கு அங்கே யாரும் எடுக்காத பழைய தரைவழி எண்தான் இன்னும் இருக்கிறது.

அந்தக் குடியாத்தம் மகளுடைய செய்தி, அவர்கள் வந்துபோன அன்று இரவு 9.40-க்கு வந்தது. தந்தை கேட்டதை அவள் கேட்கவில்லை. "களப்பணி முடிய எத்தனை மணி ஆகும்? சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட முடியுமா?" என்று கேட்டிருந்தாள். உடனே பதில் அனுப்பினேன்: களப்பணி ஐந்து மணிக்கு முடியும், பெண்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே களம் ஒதுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. இந்த வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது, எங்கள் பக்கத்தில் ஒருநாளும் எழுதியதில்லை. மறுநாள் காலை கட்டண வரிக்குக் கீழே அதைச் சேர்த்தோம். அவள் இப்போது எங்களிடம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு செய்தி, களப்பணி ஐந்து மணிக்கு முடியும் என்ற அந்த வரியை மட்டும் நகலெடுத்து ஒட்டி, "விண்ணப்பம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டது.